இரண்டாம் விக்கெட் காப்பாளர்

முதலாம் விக்கெட் காப்பாளருக்குக் காய்ச்சல் வருவதற்காக அணியில் வைத்திருக்கப்படுபவர் இரண்டாம் விக்கெட் காப்பாளர். துடுப்பாட்டம் உள்ள நாடெங்கும் இவரைக் காணலாம். இலங்கையின் வடக்கே பளைப் பக்கத்தில் கழகத்துக்கு ஒருவர் தேறுவார்.

இவர் உருவாகக் காரணம் விளையாட்டின் விதிதான். ஓர் அணியில் பந்துவீச்சாளர் ஐந்து பேர் இருக்கலாம். கையுறையும் காற்காப்பும் அணிந்து களத்தடுப்பில் நிற்க 27ஆம் விதி ஒருவரைத்தான் விடுகிறது. முன்பு முதலாமவரின் விரல் முறிந்தாலும் மாற்று வீரர் அந்த இடத்தில் நிற்க முடியாது. 2017 ஒக்டோபரில் அமுலான புதிய விதிகள், நடுவர்கள் சம்மதித்தால் நிற்கலாம் என்றன. ஆக, இவர் களமிறங்க ஒரு விரலும் இரண்டு நடுவர்களும் ஒத்துழைக்க வேண்டும். மென்பந்துப் போட்டிகளில் பலர் வெறுங்கையாலேயே பிடிப்பதால் ‘கீப்பிங் ஆரும் செய்யலாம்’ என்ற கொள்கையும் ஊரில் உண்டு. இவருடைய பிழைப்பில் விழும் மண் அதுதான்.

விளையாடுவதைத் தவிர எல்லா வேலையும் இவருடையது. காலையில் விக்கெட் தடிகளையும் சாமான் பையையும் கொண்டுவருவார். ஸ்கோர் எழுதுவார்; நடுவர் வராவிட்டால் நடுவராக நிற்பார். சோளகக் காற்றில் சிக்ஸர் அடிக்கப்பட்ட பந்து தென்னந்தோட்டத்துக்குள் போனால், வேலி தாண்டி நாய்க்குப் பதில் சொல்பவரும் இவரே. தலைவர் இவரிடம் வழமையாகச் சொல்லும் வசனம் ஒன்று உண்டு: “தம்பி, இண்டைக்கு நீ வெளியில இரு, அடுத்த மட்ச் கட்டாயம் போடுறன்.” தலைவர்கள் மாறுவார்கள், வசனம் மாறாது.

இவருக்குப் பதவியுயர்வு மூன்று வழிகளில் வரும்: முதலாமவரின் திருமணம், கொழும்பு வேலை, வெளிநாட்டுப் பயணம். மூன்றும் முழுநம்பிக்கைக்கு உரியவையல்ல. மணமானவர் மூன்றாம் மாதம் மைதானத்துக்குத் திரும்பிவிடுவார். கொழும்புக்காரர் பொங்கல் சுற்றுப்போட்டிக்கு யாழ்தேவி ரயிலில் வந்து இறங்குவார். கனடா போனவர் கழகத்துக்கு ஜேசி அனுப்பிவிட்டு, ஓகஸ்ட் விடுமுறையில் தானும் வருவார். ஜேசி தந்தவருக்குக் கையுறை இல்லை என்று சொல்லும் துணிவு எந்தக் கழகத்துக்கும் கிடையாது. பளைப் புகையிரத நிலையத்துக்கும் இந்த அனுபவம் உண்டு. 2014 மார்ச்சில் கொழும்பு ரயிலின் கடைசி நிலையம் என்ற பெருமை கிடைத்தது. ஒக்டோபரில் பாதை யாழ்ப்பாணம்வரை திறந்ததும் அது போய்விட்டது. இரண்டாமவரின் பொற்காலமும் பெரும்பாலும் ஏழு மாதத்தைத் தாண்டுவதில்லை.

இந்த இனத்தில் தமிழ்நாட்டவருக்குள் மிகப் புகழ்பெற்றவர் சென்னையின் தினேஷ் கார்த்திக். 2004 செப்டெம்பரில் லோர்ட்ஸ் மைதானத்தில் இந்தியாவுக்காக முதல் ஒருநாள் போட்டி ஆடினார். அதே ஆண்டு டிசெம்பரில் தோனி வந்தார். 2010 ஜனவரியில் ஆடிய டெஸ்டுக்குப் பிறகு அடுத்த டெஸ்ட் 2018 யூனில்தான் கிடைத்தது. அதுவும் டெஸ்ட் அணியின் முதலாமவர் சஹா காயப்பட்டதால். அதே ஆண்டு மார்ச்சில் கொழும்பில் நடந்த சுதந்திரக் கிண்ண இறுதியாட்டத்தில் தோனி ஓய்விலிருக்க, கார்த்திக் 8 பந்துகளில் 29 ஓட்டங்கள் எடுத்து, கடைசிப் பந்தில் சிக்ஸருடன் பங்களாதேஷை வென்றார். 2021இல் இங்கிலாந்தில் இருந்து வர்ணனை செய்தார். வர்ணனையாளரானவர் திரும்புவதில்லை என்பது உலக வழக்கம். இவர் மறுவருடம் 37 வயதில் இருபது ஓவர் உலகக் கிண்ண அணிக்குத் திரும்பினார்.

அமெரிக்கப் பேஸ்போலிலும் இதே பதவி உண்டு. அங்கே காப்பாளருக்குப் பெயர் கெச்சர். மோ பேர்க் என்ற இரண்டாம் கெச்சர் 15 பருவங்களில் ஐந்து அணிகளுக்கு ஆடிய மொத்த ஆட்டம் 663. பருவத்துக்கு 154 ஆட்டங்கள் நடந்த காலம் அது. எனவே பெரும்பகுதி வாங்கிலில் கழிந்தது. பின்னர் அமெரிக்க உளவுத்துறை அவரைச் சேர்த்து, 1944 டிசெம்பரில் சூரிச்சில் ஜேர்மன் விஞ்ஞானி ஹைசன்பேர்க்கின் விரிவுரைக்கு அனுப்பியது. கவனத்தை ஈர்க்காமல் உட்கார்ந்து பார்க்க அவரைவிடப் பயிற்சி பெற்றவர் கிடைத்திருக்க மாட்டார்.

பளை இனத்தின் ஓய்வுக்காலமும் அணிக்கு வெளியே போவதல்ல. முதலாமவர்கள் ஊரைவிட்டுப் போகப் போக, கழகத்தின் பழைய கணக்கு, பந்து வாங்கிய கடன், மைதானத்தின் எல்லை எல்லாம் தெரிந்த ஒரே ஆள் இவராகிறார். அதனால் முப்பத்தைந்து வயதளவில் பொருளாளர் பதவி இவர் தலையில் விழும். சுற்றுப்போட்டிப் பரிசளிப்பில் நன்றியுரையும் இவருக்கே. பிரதம விருந்தினர் முதல் ஒலிபெருக்கிக்காரர்வரை ஒருவரையும் விடாமல் நன்றி சொல்வார். நன்றியுரை சொன்னவருக்கு நன்றி சொல்ல நிகழ்ச்சி நிரலில் இடமில்லை. மேலும், அந்நேரம் கதிரைகளை எண்ணிக் கொடுக்க வேண்டியவரும் அவர்தான்.