சஃபாரி சார்

கென்யாவின் மசாய் மாராவுக்கு டிக்கெட் எடுத்த நாளிலிருந்தே சஃபாரி சார் காக்கிக்கு மாறிவிடுவார். பால் பாக்கெட் வாங்கப் போனாலும் அதே தொப்பி, எண்ண முடியாத பைகள் வைத்த அதே ஜாக்கெட். புது லென்ஸை எதிர்வீட்டுப் பூனைமேல் பழகுவார். மாரா ஆற்றை வில்டபீஸ்ட் கூட்டம் எந்த வளைவில் கடக்கும் என்று, அந்தக் கரையில் பிறந்து வளர்ந்தவர்போல் விளக்குவார்.

"எல்லோ ஃபீவர் ஊசி போட்டாச்சா சார்?" என்று டிராவல்ஸ் பையன் கேட்டதும்தான் முகம் மாறும். சட்டைக் கையைச் சுருட்டி, சின்ன வயதில் அம்மை குத்திய தழும்பைக் காட்டுவார். "இதுக்கு மேல என்னப்பா ஊசி?"

கென்யாவிலிருந்து திரும்பும்போது இங்கே ஊசி போட்டதற்கான மஞ்சள் அட்டையைக் கேட்பார்கள், இல்லையென்றால் 6 நாள் வரை தனியே உட்காரவைத்துவிடுவார்கள் என்பான் பையன். நியாயம்தான். இந்தியாவில் அந்தக் காய்ச்சல் இல்லை. ஆனால் அதைப் பரப்பக்கூடிய ஏடிஸ் கொசு, டெங்கு புகழ் கொசு, தெருவுக்குத் தெரு இருக்கிறது.

அதைக் கேட்டதும் சாருக்கு வயது ஏறும். 60 தாண்டியவர்களுக்கு டாக்டர் யோசித்துத்தான் இந்த ஊசியைப் போடுவார் என்று எங்கோ கேள்விப்பட்டிருப்பார். நேற்றுவரை தலைக்கு மை பூசி 52 சொன்னவர், ஒரே இரவில் மூத்த குடிமகனாகிவிடுவார். பாஸ்போர்ட்டில் இருக்கும் பிறந்த தேதி காட்டிக்கொடுத்துவிடும்.

"முட்டை ஒத்துக்குமா?" என்பார் ஊசி போடும் டாக்டர்.

"நாங்க சுத்த சைவம் டாக்டர்!"

கோழிமுட்டைக் கருவில் வளர்த்துத் தயாரிக்கும் மருந்து, அலர்ஜி இருக்கிறதா என்றுதான் கேட்டேன் என்று அவர் விளக்கியதும் சாருக்கு வியர்க்கும். ஊசி 5 விநாடியில் முடியும். அட்டையைக் கையில் வாங்கும்போதுதான் தெரியும், ஊசி போட்டு 10 நாள் கழித்தே அது செல்லும் என்று. விமானமோ வெள்ளிக்கிழமை.

"தேதியைக் கொஞ்சம் முன்னால போட்டுத் தர முடியுமா டாக்டர்?"

முடியாது. டிக்கெட்டை மாற்றிய காசில் இன்னொரு லென்ஸ் வாங்கியிருக்கலாம்.

திரும்பி வந்த சார் வேறு ஆள். சிங்கக் கதை ஒன்று சொன்னால், அட்டைக் கதை மூன்று சொல்வார். "ஆயுசுக்கும் ஒரே ஊசி, 2016-லேயே விதி மாறிடுச்சு, தெரியாதா?" அது உண்மைதான்.

ஆனால் மலேரியா மாத்திரையை மட்டும் மீனம்பாக்கத்தில் இறங்கியதும் நிறுத்திவிடுவார். கொசுவை அங்கேயே விட்டுவிட்டு வந்தாராம். அந்த மாத்திரை டாக்ஸிசைக்ளின் என்றால், திரும்பிய பிறகும் 4 வாரம் சாப்பிட வேண்டும். நீங்கள் நிறுத்திவிடாதீர்கள்.