வன்தரைக் கரணவியல்: மரக்காணக் கடற்கரையை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

வடக்கே இடைக்கழிநாடு, தெற்கே கூனிமேடு, கிழக்கே வங்காள விரிகுடா, மேற்கே கழுவெளி. இந்த நான்கெல்லைக்கு உட்பட்ட மரக்காணத்தில் வெயில் தாழ்ந்தபின் கடற்கரைக்குப் போகிறவர்கள், ஓர் அரிய அறிவுத்துறை எந்த மானியமும் இல்லாமல் வளர்ந்துவருவதைக் காணலாம். இளைஞன் ஒருவன் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான். கைகளை வீசுவான். சுற்றி நிற்பவர்கள் "அடிடா மச்சான், அடிடா" என்பார்கள். மறுபடியும் வீசுவான். பிறகு "இருடா, காத்து அடிக்குது" என்று நிறுத்திவிடுவான். காற்றுக்கும் பின்பல்டிக்கும் உள்ள உறவு தனி ஆய்வுக்குரியது. அதை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

எடுத்துக்கொண்ட வினா ஒன்றே. கையைத் தரையில் ஊன்றாமல், ஆகாயத்தில் முழுச் சுற்று சுற்றி, மெத்தை விரிக்காத கெட்டித் தரையில் இரண்டு காலில் வந்து நிற்பதை ஒருவன் எப்படிக் கற்கிறான்? இதை ஊர்ப் பெரியவர்கள் அந்தர்பல்டி என்பர். பள்ளிப் பிள்ளைகள் பேக் ஃப்ளிப் என்பர். தாய்மார் கொழுப்பு என்பர். தலையைத் தரையில் வைத்து உருளும் குட்டிக்கரணம் இந்த ஆய்வில் சேராது. அரசியலில் அடிக்கப்படும் பல்டியும் சேராது. அதை அடிப்பவர்கள் எப்போதும் மெத்தைமேல்தான் இறங்குகிறார்கள்.

2. முன்னோர் சான்றுகள்

சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் மரக்காணமே என்பது அறிஞர் பலர் துணிபு. அந்நூலைப் பாடிய நத்தத்தனாரும் வெளியூர்க்காரர் அல்லர், பக்கத்து இடைக்கழிநாட்டு நல்லூர்க்காரர். நல்லியக்கோடனிடம் பரிசில் பெறப் போகும் பாணர்களுக்கு இந்தப் பட்டினத்தில் நுளையர் தேறலும் சுட்ட உலர்குழல்மீனும் கிடைக்கும் என்று வாய் ஊறச் சொல்கிறார் புலவர். ஆனால் உண்ட பாணர் எவரும் பல்டி அடித்ததாகச் சொல்லவில்லை. வயிறு நிறைந்தவன் தலைகீழாகலாகாது என்ற விதி அன்றே வழக்கில் இருந்தது என்பதற்கு இதைவிட வலிய சான்று தேவையில்லை.

குறுந்தொகையின் ஏழாம் பாடலில், கயிற்றின்மேல் ஆடுவோருக்காகக் கொட்டும் பறை வருகிறது. வாகை நெற்று காற்றில் ஒலிப்பது அந்தப் பறை போல் கேட்டதாம். கழைக்கூத்தாடிகள் கடைத்தெருவில் இன்றும் கொட்டிவிட்டுத்தான் தொடங்குகிறார்கள். உடலை ஆகாயத்தில் விடுகிறவனுக்குப் பார்ப்பவர் கூட்டம் வேண்டும் என்பது இதனால் பெறப்படும். பறை செய்த வேலையை இக்காலத்தில் கைப்பேசி செய்கிறது. பறை, விழுந்தவனைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளாது என்பது மட்டுமே வேறுபாடு.

தஞ்சைப் பெரிய கோயிலின் மேல்தள உட்சுற்றில் நாட்டிய கரணங்கள் 108-க்கு 81 மட்டுமே செதுக்கப்பட்டுள்ளன. 27 கற்கள் வெறுங்கற்களாக நிற்கின்றன. வரலாற்று ஆய்வாளர்கள் பல காரணம் கூறுவர். அந்த 27-ம் கருங்கல் தளத்தில் அடித்துக் காட்டவேண்டியவை, சிற்பிக்கு முன்னால் நிற்க ஆள் வரவில்லை என்பது இக்கட்டுரையின் பணிவான கருத்து. "சிதம்பரத்துக் கோபுரங்களில் 108-ம் இருக்கின்றனவே" என்று கேட்பவர்களுக்கு விடை எளிது. தில்லையில் ஆசிரியர் உள்ளூரிலேயே இருக்கிறார், ஒற்றைக் காலில் நின்றபடியே சொல்லிக்கொடுக்கிறார்.

3. ஐந்திணைப் பாகுபாடு

தொல்காப்பிய நெறியில் முதல், கரு, உரி மூன்றும் கூற வேண்டும். பொழுது எற்பாடு. நெய்தலுக்கு இலக்கணம் வகுத்த பொழுதும் அதுவே, மணல் ஆறுகிற பொழுதும் அதுவே. நிலம் ஐந்து வகைப்படும்.

முதலாவது நீர். பக்கிங்காம் கால்வாய் மரக்காணத்தை ஒட்டித்தான் முடிகிறது. கழிமுகமும் அருகிலேயே. நீரில் விழுந்தால் வலிக்காது என்று நம்பி இங்கே தொடங்குவோர் உண்டு. ஆழம் தெரியாத நீர் சிமெண்டைவிடக் கெட்டி, ஏனெனில் அடியிலுள்ள தரை கண்ணுக்குத் தெரிவதில்லை. கருப்பொருள்: சேறு, கிளிஞ்சல், நண்டு. உரிப்பொருள்: பிரிதல். பிரிவது பெரும்பாலும் அரைக்கால்சட்டை.

இரண்டாவது உலர்மணல். இறங்குகிறவனைத் தாங்கும், ஏறுகிறவனை இழுத்துப் பிடிக்கும். துள்ளும் விசையில் ஒரு பங்கை மணல் விழுங்கிவிடுவதால் உயரம் குறைகிறது. உரிப்பொருள்: புணர்தல். காது, மூக்கு, பை ஆகிய எல்லா இடத்திலும் மணலோடு புணர்தல்.

மூன்றாவது ஈரமணல். அலை வந்து திரும்பிய விளிம்பு. துள்ளுவதற்குப் போதிய உறுதி, விழுவதற்குப் போதிய இளக்கம். ஐந்தில் மிக நடுநிலையான நிலம் இதுவே. ஆயினும் கடலை நோக்கிச் சரிவு உண்டு. உரிப்பொருள்: இருத்தல். காலில் இறங்க வந்தவன் உட்கார்ந்துவிடுவான்.

நான்காவது களர். உப்பளங்களை ஒட்டிக் காய்ந்து வெளுத்துக் கிடக்கும் நிலம். வடகிழக்குப் பருவமழை வரும்வரை இது கல்லுக்கு ஒப்பு. இங்கே முட்டி சிராய்த்தால் காயமும் உப்பும் ஒரே இடத்தில் கிடைக்கும். உரிப்பொருள்: ஊடல். முழங்கால் சில நாள் பேசாது.

களரில் அடிக்கலாம், உப்பு விளையும் பாத்தியில் அடிக்கலாகாது. அந்தத் தரை, சேறு கலவாமல் உப்பு விளைய வேண்டும் என்பதற்காக ஆட்கள் நாள்கணக்கில் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்தியது. குதிகால் ஒன்று அழுந்தக் குத்தினால் பள்ளம், பள்ளத்தில் சேறு, சேற்றோடு உப்பு. பாத்திக்காரர் துரத்துகிற வேகத்தில் முன்பல்டி தானாகவே வந்துவிடும் என்று சொல்லப்படினும், அது கற்பித்தல் முறையாக ஏற்கப்படவில்லை.

ஐந்தாவது சிமெண்ட். மீன் உலர்த்தும் தளம், மொட்டைமாடி, பள்ளி மேடை என்பன இதன் கிளைகள். உரிப்பொருள்: இரங்கல். இரங்குபவர் தாய். நெய்தல் நிலத்துக்கு இரங்கலைத் தொல்காப்பியர் ஒதுக்கியது தலைவன் பிரிந்ததால் என்று உரையாசிரியர்கள் கொண்டனர். தலைவன் கட்டாந்தரையில் பல்டி அடித்ததால் என்று கொள்வதற்கும் இடம் உண்டு.

4. கணக்கு

உடலின் நடுப்புள்ளி 45 சென்டிமீட்டர் உயரும்படி துள்ளுகிறவன் ஆகாயத்தில் இருப்பது ஏறத்தாழ 0.6 நொடி. அதற்குள் 360 பாகை சுற்ற வேண்டும் என்றால் நொடிக்கு 600 பாகை. முழங்கால்களை மார்போடு சேர்த்துச் சுருண்டால் சுழற்சி விரையும், நீண்டால் தளரும். ஆகவே ஏறும்போது நீளல், உச்சியில் சுருளல், தரை தெரிந்ததும் மீண்டும் நீளல் என மூன்று நிலை. பின்பல்டியில் தரை முன்கூட்டியே கண்ணில் படும், முன்பல்டியில் படாது. பின்னால் போவது அச்சமாகத் தோன்றினாலும், முன்னால் போகிறவனே குருட்டுத்தனமாக இறங்குகிறான்.

புதியவர் செய்யும் பிழை ஒன்றே. மேலே துள்ளாமல் பின்னால் துள்ளுவார்கள், துள்ளுமுன்பே தலையைப் பின்னுக்கு எறிவார்கள். உயரம் போய்விடும். உயரம் போனால் நேரம் போகும். நேரம் போனால் சுற்று முக்காலில் நிற்கும். முக்கால் சுற்றில் உடலின் எந்தப் பகுதி தரையை நோக்கும் என்பதை வாசகர் காகிதத்தில் வரைந்து பார்க்கலாம். காகிதத்தில் மட்டும்.

இறங்கும் கணக்கு இதைவிடச் சுவையானது. அந்த உயரத்திலிருந்து வருகிறவன் தரையைத் தொடும் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 3 மீட்டர். முழங்காலும் இடுப்பும் மடிந்து, 30 சென்டிமீட்டர் தூரத்தில் அந்த வேகத்தை அடக்கினால் கால்கள் தாங்குவது சராசரியாக உடல் எடையில் இரண்டரை மடங்கு. விறைப்பாக நின்று 3 சென்டிமீட்டரில் அடக்கினால் 16 மடங்கு. 60 கிலோ பையனுக்கு அது 960 கிலோ. உள்ளூர் அளவையில், 50 கிலோ உப்பு மூட்டை பத்தொன்பது.

போட்டி ஜிம்னாஸ்டிக்ஸ் தளம் 12 மீட்டர் சதுரம். அதன் அடியில் சுருள்வில்லும் நுரையும் இருப்பதால் இந்தச் சுமையில் ஒரு பங்கைத் தளமே ஏற்றுக்கொள்கிறது. கட்டாந்தரை எதையும் ஏற்காது. துள்ளுகிறபோது கொடுத்த விசையை அப்படியே திருப்பித் தரும், இறங்குகிறபோதும் அப்படியே திருப்பித் தரும். ஆகையால் ஏறுகிறவனுக்கு அது நண்பன், இறங்குகிறவனுக்குப் பகைவன். கெட்டித் தரையில் பல்டி கற்பது என்பது துள்ளக் கற்பதன்று, மடியக் கற்பது.

இந்த இடத்தில் நகையை நிறுத்தி ஒன்று சொல்ல வேண்டும். சோவியத் வீராங்கனை எலேனா முகினா 1978-இல் உலகச் சாம்பியன். 1980-இல் மாஸ்கோ ஒலிம்பிக்குக்குச் சற்று முன், பயிற்சியில் சுற்று முடியுமுன் தாடை தரையில் மோதிக் கழுத்து முறிந்தது. அதன்பின் வாழ்நாள் முழுதும் அவர் எழுந்து நடக்கவில்லை. தக்க தளம் இருந்த இடத்திலேயே நேர்ந்தது இது. கரணம் தப்பினால் மரணம் என்ற பழமொழி எதுகைக்காகக் கட்டப்பட்டதன்று.

5. டிகிரிக் கோட்பாடு

தீர்வு எங்கோ இல்லை, உப்பளத்திலேயே இருக்கிறது. பிரெஞ்சு மருந்தாளுநர் அந்துவான் பாமே 18-ஆம் நூற்றாண்டில் வகுத்த அளவையைத்தான் உப்பளத்தார் 'டிகிரி' என்கிறார்கள். கடலிலிருந்து வரும் நீர் 3 அல்லது 3½ டிகிரி. அதை நேராக உப்புப் பாத்தியில் விடுகிற மடையன் இந்தக் கரையில் கிடையாது. முதலில் தேக்கத்தில் நிறுத்துவார்கள். அடுத்தடுத்த பாத்திகளில் வெயிலில் காயவிடுவார்கள். வழியில் ஜிப்சம் படிந்துபோகும். 25 டிகிரி ஏறிய பிறகே விளையும் பாத்திக்குள் நீர் நுழையும். அங்கேதான் உப்பு பூக்கும்.

இதே முறையைப் பல்டிக்கும் விரிக்கலாம். 3 டிகிரிப் பையன் என்பவன் காணொளி மட்டும் பார்த்தவன். அவனுக்கு முதலில் தோள்வழி உருளவும், உயரத் துள்ளி ஓசையில்லாமல் இறங்கவும் தெரிய வேண்டும். 10 டிகிரியில் உலர்மணல், இடுப்பின் இருபுறமும் ஆள். 15-இல் ஈரமணல், ஒருபுறம் ஆள். 20-இல் ஈரமணல், ஆள் பக்கத்தில் நின்றால் போதும். இறங்கியபின் கால் நகராமல் நிற்கும் பழக்கம் வந்தால் 25. அதற்கு மேல்தான் களர். சிமெண்டைக் கடைசிவரை தள்ளிப்போடலாம். எத்தனை நாள் ஆகும் என்று கேட்கலாகாது. உப்பளத்தார் நாளைப் பார்ப்பதில்லை, டிகிரியைப் பார்க்கிறார்கள்.

30 டிகிரிக்கு மேலும் ஒரு நிலை உண்டு. உப்பு விளைந்தபின் எஞ்சும் நீரில் மக்னீசிய உப்புகள் மிகுந்து கசப்பேறும். அதைப் பாத்தியிலேயே வைத்தால் நல்ல உப்பும் கெடும் என்று வெளியே விட்டுவிடுவார்கள். பல்டி நன்றாக வந்தபின் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் ஏறி நின்று "வீடியோ ஆன் பண்ணுடா" என்கிற நிலையே அது.

6. மறுப்பும் விடையும்

"பனிச்சறுக்கு வீராங்கனை சூரியா பொனாலி வழுக்கும் பனிக்கட்டியிலேயே அடித்தாரே" என்பது மறுப்பு. உண்மை. 1976 ஒலிம்பிக்கில் டெர்ரி குபிக்கா பனிச்சறுக்கில் பின்பல்டி அடித்தார். அடுத்த ஆண்டே அது தடை செய்யப்பட்டது. 1998-இல் நாகானோவில் பொனாலி தடையைப் பொருட்படுத்தாமல் அடித்து ஒற்றைக் காலில் இறங்கினார். தடை நீங்கியது 2024-இல்தான். ஆனால் பொனாலி சறுக்குக் களத்தில் பெயர் பெறுமுன் ஜிம்னாஸ்டிக்ஸில் பயின்றவர். மெத்தையில் டிகிரி ஏறித்தான் பனிக்கு வந்தார். மறுப்பு தள்ளுபடி செய்யப்படுகிறது.

"அதெல்லாம் வெளிநாடு, நமக்கு யார் சொல்லித்தருவார்" என்பது இரண்டாம் மறுப்பு. மரக்காணம் எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்பதை மறந்தவர்களின் கேள்வி இது. தமிழ்நாட்டில் மல்லர் கம்பத்துக்குப் பெயர்போன ஊர் விழுப்புரம். விளக்கெண்ணெய் பூசிய வழவழப்பான கம்பத்தில் தலைகீழாகத் தொங்கும் பிள்ளைகளும், அவர்களைக் கீழிருந்து கண் இமைக்காமல் பார்க்கும் ஆசிரியர்களும் மாவட்டத் தலைநகரிலேயே இருக்கிறார்கள். 2022-இல் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டியிலேயே மல்லர் கம்பம் இடம்பெற்றுவிட்டது. கடற்கரைக்கும் கம்பத்துக்கும் நடுவே குறைவது ஒரு பேருந்துப் பயணம் மட்டுமே.

7. முடிபு

மேற்கண்டவற்றால் பெறப்படுவன. ஒன்று: காற்று அடிப்பது பின்பல்டிக்குத் தடையா என்பது இன்னும் தனி ஆய்வுக்கே உரியது. இரண்டு: தரையின் கெடுதி கெட்டியாக இருப்பதிலன்று, கற்பவன் அதைவிடக் கெட்டியாக வந்து விழுவதில்தான். மூன்று: 3 டிகிரி நீரைப் பாத்தியில் விடாத ஊர், 3 டிகிரிப் பிள்ளையைச் சிமெண்டில் விடலாகாது.

கடலோரக் குப்பங்களில் பள்ளிக்கொரு தடித்த மெத்தையும், வாரம் ஒருமுறை விழுப்புரத்திலிருந்து ஓர் ஆசிரியரும் கிடைத்தால் இந்தத் துறைக்கு வேறு மானியம் தேவையில்லை. அதுவரை, இதைப் படித்து முடித்த வாசகர் எழுந்து கூடத்து நாற்காலியை நகர்த்தத் தொடங்கியிருந்தால், அருள்கூர்ந்து அதை இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். கூடத்துத் தரை ஆய்வுக் கட்டுரைகளைப் படிப்பதில்லை.