மார்க்கத்து மருமோனுக்கு மாமன் சொல்லுற புத்தி

மருமோன், சனிக்கிழமை ஹோலிலை நீ கதைச்சது முழுக்க எனக்குக் கேட்டது. கிழவனுக்குக் காது அடைப்பு எண்டு நம்பி என்னைப் பக்கத்திலை இருத்தினது உன்ரை பிழை.

"நாடு பழுதாப் போச்சு, கண்டது நிண்டதெல்லாம் வந்து இறங்குது" எண்டாய். பக்கத்து வீட்டு பேஸ்மென்ரிலை பஞ்சாபிப் பெடியள் ஏழெட்டுப் பேராம். வாசல் நிறையச் சப்பாத்தாம். ரோட்டு நீளத்துக்குக் காராம். வலு திருத்தமாய்க் கதைச்சாய். வெள்ளைக்காரன்கூட இவ்வளவு தெளிவாய்ச் சொல்லமாட்டான், அவனுக்குக் கொஞ்சம் கூச்சம் இருக்கும்.

ஆனால் முறைப்பாடு சொல்லுறதும் ஒரு தொழில் கண்டியோ. நீ அதுக்குப் புதுசு. மாமன் பழக்கிவிடுறன்.

முதல் பாடம் மறதி. 1986 ஆவணியிலை நியூபவுண்ட்லாந்துக் கடலிலை உயிர்காப்புப் படகுகளிலை மிதந்த 155 தமிழரை மீன்பிடிகாரர் கண்டுபிடிச்சுக் கரைசேர்த்தவை. வந்தவை இந்தியாவிலையிருந்து வாறம் எண்டவை. பிறகு பாத்தால் கப்பல் வெளிக்கிட்டது மேற்கு ஜேர்மனியிலை. எங்கடை முதல் வாக்குமூலமே அப்பிடி. ஊரெல்லாம் கொதிச்சது, பொய்க்காரரைத் திருப்பி அனுப்பு எண்டு. படகிலை வந்து கரையிலை நிக்கிறவையைத் திருப்ப மாட்டம் எண்டு சொன்னவர் அப்பத்தைய கனடாப் பிரதமர் மல்றோனி. இதை நீ உடனை மறந்துபோடு. நினைவிலை வைச்சிருந்தால் பஞ்சாபிப் பெடியனைப் பாத்து "பொய் சொல்லி வந்தவங்கள்" எண்டு சொல்லேக்கை நாக்குத் தடுமாறும்.

மல்றோனி எந்தக் கட்சி எண்டு உன்ரை மோளிட்டைக் கேக்காதை. அவள் லிபரல். கொன்சவேற்றிவ் எண்டு சொல்ல வேண்டிவந்தால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. நீ கொன்சவேற்றிவ், உனக்கும் ஒரு கவளம் வைச்சிருக்கிறன். 2010 இலை சன் சீ கப்பலிலை 492 பேர் பிரிட்டிஷ் கொலம்பியாவிலை வந்து இறங்கினவை. அப்ப பொதுப் பாதுகாப்பு அமைச்சர் உங்கடை கட்சி விக் ரேவ்ஸ். ஆம்பிளையளைக் கனகாலம் மறியலிலை வைச்சிருந்தவை. 2025 இலை அதே கதிரையிலை வந்து இருந்தவர் எங்கடை ஹரி ஆனந்தசங்கரி, லிபரல், சின்னப் பெடியனாய் இஞ்சை அகதியாய் வந்தவர். அந்த யூன் மாசமே எல்லையை இறுக்கிற சட்டமூலம் ஒண்டைக் கொண்டு வந்தார். நாட்டுக்கை வந்து ஒரு வருசம் கழிச்சு அகதிக் கோரிக்கை வைச்சால் கேஸ் அகதிச் சபைக்கே போகாது எண்டு அதிலை ஒரு விதி. நீ கை தட்டோணும், மோள் தலை குனியோணும். ஆனால் வீட்டிலை நடந்தது மறுவளம். லிபரல் செய்தபடியால் நீ திட்டினாய், எங்கடை ஆள் செய்தபடியால் அவள் நியாயம் சொன்னாள். நான் பேசாமல் சொதி விட்டுச் சாப்பிட்டன்.

சரி, அடுத்தது. நீ சொன்ன வசனம் உன்ரை சொந்தச் சரக்கில்லை. 1995 இலை இதே மார்க்கம் நகரத்துத் துணை மேயர் கரோல் பெல் சொல்லிப்போட்டா. ஒரே இனத்து ஆக்கள் வந்து குவியினம், பழைய குடியள் வீட்டை வித்துப்போட்டுப் போகினம் எண்டு. அப்ப குறி வைச்சது சீனரை. சீனத்துப் பேர்ப்பலகை, சீனத்துக் கடைத்தொகுதி எண்டு பெரிய குழப்பம். அக்கம்பக்கத்து மேயர்மார் 12 பேர் சேர்ந்து அவவின்ரை கதைக்கு எதிராய்க் கையெழுத்து வைச்சவை. அவ பேச்சைத் திருப்பி எடுக்கேல்லை. ரெண்டு வருசத்தாலை சீனத்துக் கடைத்தொகுதியான பசிபிக் மோல் திறந்தது. இப்ப போனுக்குக் கவர் மாத்த ஞாயிற்றுக்கிழமையிலை அங்கை ஓடுறது ஆர்? அந்தப் பழைய குடியள் வித்துப்போட்டுப் போன வீட்டை வாங்கினது ஆர்? 2021 கணக்கெடுப்பிலை மார்க்கத்திலை நூற்றுக்கு 82 பேர் வெள்ளையர் இல்லாத ஆக்கள். "பழைய ஆக்கள் நாங்கள்" எண்டு நீ சொல்லேக்கை, 1794 இலை பேர்சி எண்டவரோடை வந்து காடு வெட்டின ஜேர்மன் குடும்பங்கள் சவக்காலையிலை புரண்டு படுத்திருக்கும். அவைக்கும் முந்தி இந்த நிலத்திலை ஆக்கள் இருந்தவை. அவையிட்டை ஒருத்தரும் ரிசீற் கேக்கேல்லை.

ஊரிலை எங்கடை தோட்டக் கிணறு பங்குக் கிணறு, உனக்குத் தெரியும். ஆர் முறை தவறி இறைக்கிறான் எண்டு இரவிலை அரிக்கன் லாம்போடை காவல் நிண்டது கடைசியாய்ப் பங்கு வாங்கினவன்தான். பரம்பரைப் பங்குகாரன் குறட்டை விட்டுப் படுத்திருப்பான்.

இன்னொண்டும் சொன்னாய். உவங்கள் கலந்து வாழத் தெரியாதவங்கள் எண்டு. மெய்தான். எங்களைப் பாத்துப் படிக்கோணும். எங்கடை டொக்ரர் தமிழ், லோயர் தமிழ், வீடு வித்துத் தந்தவன் தமிழ், கார் பழக்கினவன் தமிழ், பிறந்தநாளுக்கு வீடியோ எடுத்தவன் தமிழ், செத்தால் பெட்டி சுமக்கிறவனும் தமிழ்தான். அவ்வளவு கலந்தம். மெச்சித்தான் 2016 இலை பாராளுமன்றம் தை மாசத்தைத் தமிழ் மரபுத் திங்கள் எண்டு அறிவிச்சது. உன்ரை மற்றப் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவின்ரை பேர் என்ன? தெரியாதே? எனக்குத் தெரியும். அவவுக்கு நான் கத்தரிக்கன்று குடுத்தனான்.

இனிப் பஞ்சாபிப் பெடியங்கள். 1914 இலை கோமகாட்டா மாரு எண்ட கப்பலிலை 376 பேர், கனபேர் சீக்கியர், வன்கூவர்த் துறைமுகத்திலை ரெண்டு மாசம் கிடந்து திரும்பிப் போனவை. இருபதுபேர் அளவிலைதான் இறங்க விட்டவை. அதாலை அவங்களுக்கும் உன்னைப்போலை மறக்க நல்ல சாமான் இருக்கு.

இந்தப் பெடியங்கள் களவாய் வரேல்லை. கல்லூரியள் கூப்பிட்டது, ஊர்ப்பிள்ளையள் கட்டுறதைவிடப் பலமடங்கு காசு வாங்கினது. வீடு காணாது, வாடகை ஏறுது எண்ட சத்தம் கூடினாப்போலை 2024 இலை அரசாங்கம் மாணவர் விசாவுக்கு உச்சவரம்பு வைச்சது, அடுத்த வருசக் குடியேற்ற இலக்கையும் 395,000 ஆய்க் குறைச்சது. வாடகை ஏறினது மெய். ஆர் ஏத்தினது? அந்த பேஸ்மென்ரின்ரை சொந்தக்காரன் உன்ரை சகலன். ஏழெட்டுப் பேரிட்டையும் தலைக்கு இவ்வளவு எண்டு வாங்குறான். சனிக்கிழமை உனக்கு எதிர்க்கதிரையிலை இருந்து, நீ சொல்லச் சொல்ல "ஓமோம், நாடு பழுதாப் போச்சு" எண்டு தலையாட்டினவனும் அவன்தான். நீ அவனுக்கு ரோல்ஸ் எடுத்துக் குடுத்தாய்.

அவனிட்டைப் போய்ச் சண்டை பிடி எண்டு சொல்ல வரேல்லை. குடும்பம் முறியும், உன்ரை மனிசி என்னை வீட்டை விட்டுக் கலைப்பாள். முறைப்பாட்டிலை விலாசத்தை மட்டும் சரியாய் எழுது எண்டுறன்.

தேர்தல் வருகுதாம். முற்றத்திலை உன்ரை கட்சிப் பலகை ஒண்டு, மோளின்ரை கட்சிப் பலகை ஒண்டு. ரெண்டு பேரும் விடியக்காலமை எழும்பி மற்றவரின்ரை பலகையைப் பிடுங்குறது எனக்குத் தெரியும். பிடுங்குங்கோ. கம்பியை மட்டும் வளைக்காமல் கராச்சுக்கை வையுங்கோ. பயிற்றங்கொடி படர விடோணும், போன வருசம் தடி காணாமல் போட்டுது.