ஊருக்குத் தங்கக்கம்பி

ஜொகூர் பாருவின் எந்தத் தாமானுக்குப் போனாலும் வரிசைக்கு ஒருவன் இருப்பான். ஸ்கூடாய், மாசாய், உலு திராம் என்று இடம் மாறலாம், ஆள் மாறமாட்டான். வயது பதினாறு, பதினேழு. வீட்டுக்கு மூத்தவன். மேலுதட்டில் மீசை வரப்போவதாகப் பேச்சு. பக்கத்து வீட்டுச் சீனக் கிழவியின் பாசார் பையை வாங்கி வாசல்வரை கொண்டுபோய் வைப்பான். மாமாக் கடையில் "அண்ணே, தே ஓ ஐஸ் ஒண்ணு" என்று அவன் கேட்கிற பணிவுக்கே கூடுதலாகச் சீனி போடலாம். ராஜமாரியம்மன் கோயில் கூட்டத்தில் பெரியவர்களுக்கு ஒதுங்கி வழிவிடுவான். பார்த்தவர்கள் அவன் அம்மாவிடம், "உங்க பிள்ளைய மாதிரி வராதுங்க" என்பார்கள். அம்மா சிரிப்பார். அந்தச் சிரிப்பின் முழு விவரம் வீட்டில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருக்கும் ரிமோட்டுக்குத்தான் தெரியும்.

கிரில் கதவைத் தாண்டியதும் ஆள் வேறு.

"பசியாறுறியாய்யா?"

இவ்வளவுதான் அம்மா கேட்டது. கேள்வியில் குற்றமில்லை, உள்நோக்கமில்லை.

"வந்ததும் வராததுமா ஏன்மா கச்சாவ் பண்றீங்க!"

அறைக்கதவு அடித்துச் சாத்தப்படும். சுவரில் முருகன் ஒருபக்கமாகச் சாய்வார். அரைமணி கழித்து அதே கதவு திறக்கும். எதுவுமே நடக்காத முகத்தோடு, "மா, மெகி இருக்கா?"

பிள்ளைக்குத் திடீரென்று கோபம் வருகிறது என்று சொல்பவர்கள் அம்மாவைக் கேட்டதில்லை. அம்மாவுக்கு அது ஒருநாளும் திடீரென்று வந்ததில்லை. பையை நாற்காலியில் வைத்தால் நல்ல நாள். தரையில் போட்டால் முட்டையைப் பொரித்து மேசையில் வைத்துவிட்டு அந்தப் பக்கமே போகக்கூடாது. முதுகில் பையோடு ஐஸ்பெட்டியைத் திறந்து வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றால் கணிதத்தில் ஏதோ நடந்திருக்கிறது. அன்று கணிதம் என்ற சொல்லோ, கணிதத்தில் கெட்டிக்காரியான சித்தி மகள் பெயரோ வீட்டில் யார் வாயிலும் வரக்கூடாது. வானிலை ஆய்வு நிலையத்துக்கு இந்தத் திறமை இருந்திருந்தால் கோத்தா திங்கிக்காரர்கள் வெள்ளத்துக்கு முன்பே சோபாவை மேலே தூக்கி வைத்திருப்பார்கள்.

ஆலோசனைக்குப் பஞ்சமில்லை. பாட்டி கண்ணேறு என்பார், மிளகாய் சுற்றிப் போடுவார். குளுவாங் பெரியப்பா வந்தால், "எங்க காலத்துல வீட்டுல ரோத்தான் இருந்துச்சு, ஒருத்தன் வாயைத் திறந்ததில்லை" என்று தொடங்குவார். பெரியப்பா பதினேழு வயதில் மீன் குழம்பில் உப்பு அதிகம் என்று கோபித்துக்கொண்டு பஸ் ஏறிப் போய், இருட்டியதும் திரும்பி வந்து அதே குழம்பை இரண்டு முறை போட்டுச் சாப்பிட்ட கதை பாட்டிக்குத் தெரியும். சொல்லமாட்டார். 2018-இல் நிறுத்தப்பட்ட தேசிய சேவைப் பயிற்சி 2025-இல் மீண்டும் தொடங்கியதில் நாட்டிலேயே அதிகம் மகிழ்ந்தவர் பெரியப்பாதான். "அனுப்பிவிடு, சரியாயிடுவான்."

எனக்குப் பையனைவிட அவன் அப்பாவைக் கவனிப்பதில்தான் சுவை. அதிகாலை நாலரைக்கு மோட்டார் சைக்கிளை முடுக்குவார். சிங்கப்பூர் வேலைக்குப் போக 1924-இல் திறந்த ஜொகூர் பாலம். நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். கடக்கக் குடிநுழைவு வரிசையோடு ஒரு மணி நேரம் ஆனாலும் ஆச்சரியமில்லை. சிங்கப்பூரில் சூப்பர்வைசர் சொன்னதையெல்லாம் "யெஸ் பாஸ்" என்று விழுங்கி, திரும்பும்போது மழையையும் ஜாமையும் சேர்த்து விழுங்கி, எட்டு மணிக்கு வீட்டுக்குள் காலை வைத்ததும், "செருப்பை இங்க யாரு போட்டது!" என்று ஒரு முழக்கம். உடனே தங்கை தண்ணீர் கொண்டு வருவாள். அம்மா மின்விசிறியைக் கூட்டுவார். அப்பாவுக்கு அலுப்பு. பத்து நிமிடம் கழித்து மகன் அதே குரலில், "என் சார்ஜரை யாரு எடுத்தது!" என்பான். இதற்குத் தண்ணீர் வராது. திமிர், வளர்ப்பு, போன், சகவாசம் என்று விசாரணைதான் வரும். அவனும் காலையிலிருந்து ஆசிரியர்களிடம் "யெஸ் சார்" சொல்லி விழுங்கிவிட்டு வந்தவன் என்பது யாருக்கும் தோன்றாது. கத்தினாலும் வெளியே தள்ளாத இடம் இருவருக்கும் ஒன்றே ஒன்றுதான்.

முன்பு இருவரும் சந்திப்பதே குறைவு. 2014 முதல் ஜொகூரில் வார விடுமுறை வெள்ளி, சனி. சிங்கப்பூரில் சனி, ஞாயிறு. அப்பாவும் மகனும் சேர்ந்து வீட்டில் இருந்தது சனிக்கிழமை மட்டும். 2025 ஜனவரியில் ஜொகூரும் சனி, ஞாயிறுக்கு மாறியது. குடும்பங்கள் ஒன்றாக இருக்க வழி பிறந்தது என்று எல்லாரும் வரவேற்றார்கள். சண்டைக்கும் ஒரு நாள் கூடியதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

எஸ்பிஎம் வேறு நெருங்குகிறது. யூபிஎஸ்ஆர் தேர்வை 2021-இலும் பிடி3 தேர்வை 2022-இலும் நீக்கிவிட்டதால் இவனுக்கு வாழ்க்கையின் முதல் பெரிய அரசாங்கத் தேர்வே இதுதான். பழகிப் பார்க்க ஒன்றுமில்லை. நேரே கடைசிப் போர். தூக்கமோ கேட்கவே வேண்டாம். பருவ வயதில் தூக்கம் வரவைக்கும் மெலடோனின் இரவில் தாமதமாகத்தான் சுரக்கத் தொடங்கும். அதோடு 1982-இல் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரைமணி முன்னே தள்ளிவிட்டார்கள். ஜொகூரில் சூரியன் எழ ஏழாகிறது. பள்ளி பஸ் சூரியனுக்குக் காத்திருப்பதில்லை. நள்ளிரவு தாண்டித் தூங்கியவனை இருட்டில் எழுப்பி விட்டு, மாலையில் சிரித்த முகம் கேட்கிறோம்.

அவன் கத்தும்போது அம்மா பதில் சொல்வதில்லை. கதவுக்கு வெளியே நின்று நியாயம் பேசுவதுமில்லை. தட்டை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். விசாரணைக்கு அவர் வைத்திருக்கும் இடம் காடி. டியூசனுக்குக் கொண்டுபோய் விடும்போது இருவர் முகமும் சாலையைப் பார்த்திருக்கும். கண்ணுக்குக் கண் பார்க்க வேண்டியதில்லை. நடுவே சாத்துவதற்குக் கதவுமில்லை. மூன்றாவது சிக்னலில் தானாக வரும்: "மா, இன்னிக்கு சார் எல்லார் முன்னாடியும்..." அம்மா வானொலியை நிறுத்தமாட்டார், நிறுத்தினால் பேச்சும் நின்றுவிடும். ஒன்றில் மட்டும் அவர் கண்டிப்பு: கை ஓங்குவது, பொருளை உடைப்பது தொடர்ந்தாலும், பிள்ளை நாள்கணக்கில் தூங்காமல் ஒடுங்கிக் கிடந்தாலும், அது மெகியால் தீருவதில்லை. பள்ளி ஆலோசகரைப் பார்ப்பார். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555 ஐஸ்பெட்டியில் ஒட்டியிருக்கிறது, தங்கையின் தமிழ்ப்பள்ளி அட்டவணைக்குப் பக்கத்தில்.

பின்வரிசை வீட்டிலும் இப்படி ஒருவன் இருக்கிறான். அவன் இங்கே வந்தால் "ஆன்ட்டி, ரசம் சூப்பர்" என்பான். சாப்பிட்ட மங்கைத் தானே கழுவி வைப்பான். இவன் அங்கே போனால் அந்த வீட்டுத் தாத்தாவுக்குக் கண்ணில் சொட்டு மருந்து விடுகிறான் என்று கேள்வி. இரண்டு அம்மாக்களும் ஒரு நாள் பேசிப் பார்த்ததில் விஷயம் அம்பலமானது. ஒரு மாதத்துக்குப் பிள்ளைகளை மாற்றிக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தார்கள். முதல் வாரம் ரசம் சூப்பராக இருக்கும், இரண்டாம் வாரம் இரண்டு வீட்டிலும் புதுக் கதவுப் பிணைச்சல் வாங்க வேண்டியிருக்கும் என்று கணக்குப் பார்த்துவிட்டு, அவரவர் பிள்ளையை அவரவரே வைத்துக்கொண்டார்கள்.