முடிவு தெரிந்த கதை

கேள்வி: கடைசியில் இருவரும் சேர்ந்துவிடுவார்கள் என்று தெரிந்தும், என் மகள் ஆங்கில ரொமான்டிக் காமெடி நாவல்களாக வாங்கிக் குவிக்கிறாளே! அப்படி என்னதான் இருக்கிறது அவற்றில்?

பதில்: கல்யாணப் பத்திரிகையிலும்தான் முடிவு முன்கூட்டியே அச்சாகிவிடுகிறது. அதற்காகப் பந்திக்குப் போகாமல் இருக்கிறோமா?

சேருவார்களா என்பதல்ல, இந்த லட்சணத்தில் எப்படிச் சேரப்போகிறார்கள் என்பதுதான் ருசி. எமிலி ஹென்றியின் 'பீச் ரீட்' (2020) நாயகி, காதல் கதை எழுதிப் பிழைப்பவள். அப்பா இறந்த பிறகுதான் அவருக்கு இன்னொரு பெண்ணோடு தொடர்பு இருந்தது தெரிகிறது. காதல்மீதே நம்பிக்கை போய்விட்டது. கையில் காசும் இல்லை. பக்கத்து வீட்டிலோ கல்லூரிக் காலத்துப் போட்டியாளன், சோகமாகவே எழுதும் 'இலக்கிய' ஆசாமி. என் பாணியில் நீ எழுது, உன் பாணியில் நான் எழுதுகிறேன் என்று பந்தயம். சிரித்துக்கொண்டே போனால், செத்துப்போன அப்பாவோடு அவள் மனசுக்குள் போடும் சண்டையில் வந்து மாட்டிக்கொள்வோம்.

மரியன் கீஸின் 'ரேச்சல்ஸ் ஹாலிடே' (1997) இன்னும் துணிச்சல்: போதை மறுவாழ்வு மையத்தை உல்லாச விடுதி என்று நினைத்து நுழைகிறாள் நாயகி!

நீங்களும் ஒன்றைப் புரட்டுங்கள். அப்பாக்களைத் திட்டும் இடங்களில் மகள் அடிக்கோடு போட்டிருக்கிறாளா என்றும் பார்த்துக்கொள்ளலாம்.