பின்னால் நகரும் காய்

பதினைந்து வருடமாகச் செஸ் போட்டிகளுக்குப் போகிறேன். இப்போது பலகை முன் உட்கார்ந்ததுமே 'எப்போது முடியும்?' என்று மனம் கேட்கிறது. செஸ் எனக்கு அலுத்துவிட்டதா? (வாசகர், திண்டுக்கல்)

கார்ல்சன் 2013-ல் சென்னையில் உலகப் பட்டம் வென்றார். 2022-ல், அந்தப் பட்டத்துக்காக மறுபடி ஆடும் ஊக்கம் இல்லை என்று சொல்லி விலகினார். பட்டத்தைத்தான் விட்டார், செஸ்ஸை விடவில்லை. ராஜாவுக்கே போட்டி அலுக்கும்போது உங்களுக்கு அலுக்கக் கூடாதா?

மூன்று போட்டிகளாக ரேட்டிங் இறங்குமுகம். அதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. (வாசகர், நாகர்கோவில்)

ரேட்டிங் முறையை வகுத்த ஆர்பாட் எலோ ஒரு இயற்பியல் பேராசிரியர். உங்களைவிட 200 புள்ளி கூடுதலாக உள்ளவர், உங்களோடு ஆடினால் சுமார் நான்கில் மூன்று பங்குப் புள்ளிகளை எடுப்பார் என்பது அவர் கணக்கு. அவ்வளவுதான் அந்த எண்ணுக்குத் தெரியும். ஆடும்போது வரும் சந்தோஷத்தை எழுத அதில் கட்டம் கிடையாது!

போட்டியை விட்டுவிட்டால் செஸ்ஸில் என்ன மிச்சம்? (வாசகி, தஞ்சாவூர்)

64 கட்டமும் மிச்சம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், திண்ணையில் ஒரு பலகை. தொலைந்துபோன யானைக்குப் பதில் ஒரு சோடா மூடி. கடிகாரம் கிடையாது. தோற்றவரே, "குதிரையை அங்கே ஏன் வைத்தேன் தெரியுமா?" என்று காய்களைத் திரும்ப அடுக்குவார். அந்த அரை மணி நேரம்தான் உண்மையான பரிசு.

போட்டியிலிருந்து ஒரு அடி பின்வாங்கத் தயங்காதீர்கள். செஸ்ஸில் பின்னால் நகர முடியாத காய் சிப்பாய் மட்டும்தான்.