பி.எஃப். வருது, மாமா!

எங்கள் குப்பத்து வாட்ஸ்அப் குழுவுக்கு நான்தான் அட்மின். தேர்தல் எல்லாம் நடக்கவில்லை. “டிகிரி படிச்சவன், சும்மாதானே இருக்கான்” என்று ஊர்க்கூட்டத்தில் ஒருவர் சொன்னார், மற்றவர்கள் தலையாட்டினார்கள். அந்த இரண்டு தகுதிகளில் எதற்குத் தலையாட்டினார்கள் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

பழவேற்காட்டு ஏரிக்கரையில் காற்று எப்படி, முகத்துவாரத்தில் தண்ணீர் எப்படி என்று என்னைக் கேட்டுக்கொண்டு யாரும் படகை எடுப்பதில்லை. எனக்கென்று விட்டுவைத்திருப்பது ஒரே வேலை: போனில் வருகிற இங்கிலீஷ் ஷார்ட் ஃபார்ம்களுக்கு அர்த்தம் சொல்வது. அதையும் நான் ஒழுங்காகச் செய்ததில்லை.

பெரிய கூத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அதற்கப்புறம் மற்றதெல்லாம் சின்னதாகத் தெரியும்.

ஒரு நாள் சாயங்காலம் குழுவில் ஒரு ஃபார்வர்டு வந்தது. தலைப்பு ‘பி.எஃப்.இசட்.’. கீழே ‘டிஸ்ட் 25-30’, ‘டெப் 40-45’ என்று ஏதேதோ எண்கள். அனுப்பியவர் யாரோ, பாவம், விரல் வலிக்கக் கூடாது என்று எல்லா வார்த்தையையும் பாதியில் வெட்டியிருந்தார். எனக்கு முதல் இரண்டு எழுத்து போதுமானதாக இருந்தது.

“மாமா, கவர்மென்ட்டுல நம்மளுக்கு பி.எஃப். குடுக்கப் போறாங்க!”

வலை பின்னிக்கொண்டிருந்த மாமா நிமிர்ந்தார். “இன்னாபா சொல்ற? பி.எஃப். கம்பெனில வேலை செய்றவனுக்கில்ல? நம்மளுக்கு யாரு மொதலாளி?”

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் தெரியாமல்தான் அமைப்புசாராத் தொழிலாளர் சட்டங்கள் இத்தனை வருஷமாகத் திணறுகின்றன. ஆனால் நான் திணறவில்லை. சம்பளத்தில் 12 சதவீதம் பிடிப்பார்கள், கடைசியில் வட்டியோடு தருவார்கள் என்று விளக்க ஆரம்பித்துவிட்டேன்.

“யாரு புடிப்பாங்க?”

“அவங்கதான் மாமா பிடிப்பாங்க.”

“மீனை நாம புடிக்கிறோம். அதுல பன்னெண்டு பங்கு அவன் புடிப்பானா?”

கூட்டம் கூடிவிட்டது. ‘டெப்’ என்றால் டெபாசிட் என்றேன், நாற்பதிலிருந்து நாற்பத்தைந்து ரூபாய்க்குள் கட்டினால் போதும். ‘டிஸ்ட்’ என்றால் டிஸ்ட்ரிக்ட். திருவள்ளூர் மாவட்டத்தின் நம்பர் இருபத்தைந்தா முப்பதா என்று அவர்களே இன்னும் முடிவு செய்யவில்லை போலிருக்கிறது. இதையும் சொன்னேன். ஒரு பெரியவர் இடுப்பிலிருந்து ஐம்பது ரூபாய்த் தாளை எடுத்து நீட்டி, மீதியைக் கேட்டார்.

பள்ளிக்கூடம் போகிற அக்கா பையன்தான் போனை வாங்கிப் பார்த்து, “மாமா, இது பொட்டன்ஷியல் ஃபிஷிங் ஸோன்” என்றான். மீன் கிடைக்க வாய்ப்புள்ள இடம். டிஸ்ட் என்பது தூரம், கிலோமீட்டரில். டெப் என்பது ஆழம், மீட்டரில். ஐம்பது ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன். பெரியவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

இந்த பி.எஃப்.இசட். விவகாரம் உண்மையில் நல்ல விஷயம். ஹைதராபாத்தில் 1999 முதல் இயங்குகிற இன்காய்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் இதைத் தருகிறது. (அதுவும் ஷார்ட் ஃபார்ம்தான். விரித்தால் பெருங்கடலே உள்ளே வரும்.) கடலின் மேல்பரப்பு வெப்பத்தையும், தண்ணீரில் இருக்கும் பச்சையத்தையும் செயற்கைக்கோள் பார்க்கிறது. பச்சையம் இருந்தால் நுண்பாசி, நுண்பாசி இருந்தால் சின்ன மீன், சின்ன மீனைத் தேடிப் பெரிய மீன். இந்தக் கரையிலிருந்து எந்தத் திசையில், எத்தனை தூரத்தில், எவ்வளவு ஆழத்தில் என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிடுகிறார்கள். மீன் ஓரிடத்தில் நிற்காதல்லவா, அதனால் அந்தக் கணக்கு கொஞ்ச காலத்துக்குத்தான் செல்லும். அன்று அந்த இடத்தில் மீன் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. நாங்கள் எல்லோரும் கரையில் பி.எஃப். பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. கடலின் நிறம் பார்க்கிற ஓஷன்சாட் வரிசைச் செயற்கைக்கோள்கள் 1999, 2009, 2022 என்று மூன்று தடவையும் போனது ஏரிக்கு அந்தப்பக்கம் இருக்கிற ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்துதான். ராக்கெட் விடுகிற நாளில் எங்களைக் கடலுக்குப் போக வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். மீன் எங்கே இருக்கிறது என்று சொல்லப் போகிற ராக்கெட்டைக் கரையில் உட்கார்ந்து, மீன் பிடிக்காமல், அண்ணாந்து பார்ப்போம். கழுத்து வலிக்கும்.

அதே அக்கா பையன் விஷயத்தில் இன்னொன்று. அவனுக்குக் காய்ச்சல், பள்ளிக்கு வரமாட்டான் என்று அவனுடைய டீச்சருக்கு மெசேஜ் போட்டேன். ‘ஓகே. டி.சி.’ என்று பதில் வந்தது. உங்களுக்கு டி.சி. என்றால் என்ன? எனக்கு ஒன்றே ஒன்றுதான்: பள்ளியை விட்டு அனுப்பும்போது தருகிற ட்ரான்ஸ்ஃபர் சர்டிஃபிகேட். என் பள்ளிக் காலத்தில் அந்த இரண்டு எழுத்தைச் சொல்லித்தான் எங்களை அடக்கி வைத்திருந்தார்கள்.

ஒரு நாள் காய்ச்சலுக்கு டி.சி.யா? அக்காவிடம் சொன்னேன். அக்கா அழுதாள். சட்டை மாற்றிக்கொண்டு, ஊரில் கொஞ்சம் சத்தமாகப் பேசக்கூடிய இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு, பஸ் ஏறிப் பள்ளிக்குப் போனோம். டீச்சர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அது ‘டேக் கேர்’ என்றார். சத்தமாகப் பேசுகிற இரண்டு பேரும் அதற்கப்புறம் பஸ் ஊர் வந்து சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

பிரிட்டன் பிரதமராக இருந்த டேவிட் கேமரூனும் நம் ஆள்தான் என்று அப்புறம் படித்தேன். எல்.ஓ.எல். என்றால் நிறைய அன்பு என்று நினைத்து, மெசேஜின் கடைசியில் அதைப் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தாராம். வாய்விட்டுச் சிரிப்பது என்று ஒரு பத்திரிகை நிர்வாகி எடுத்துச் சொன்ன பிறகு நிறுத்திக்கொண்டாராம். 2012-ல் ஒரு விசாரணை கமிஷன் முன்னால் அந்த அம்மாவே சாட்சி சொன்னார். என் விஷயத்தில் இன்னும் கமிஷன் வைக்கவில்லை.

சி.ஆர்.இசட். கதையைச் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன், வெட்கமாக இருக்கிறது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம் என்பதன் இங்கிலீஷ் சுருக்கம் அது. 1991-ல் வந்தது, 2011-லும் 2019-லும் புதிதாக எழுதப்பட்டது. கரையிலிருந்து எவ்வளவு தூரத்தில் எதைக் கட்டலாம், எதைக் கட்டக்கூடாது என்று சொல்வது. துறைமுகம் பக்கத்தில் இருக்கிற எங்களுக்கு அது சோற்றுப் பிரச்சினை. குழுவில் ஒருவர் ‘சி.ஆர்.இசட். மீட்டிங், எல்லாரும் வாங்க’ என்று போட்டார். நான் கிரேஸி என்பதைச் சுருக்கியிருக்கிறார் என்று நினைத்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற பொம்மையைப் போட்டேன். ஊரே பார்த்தது. அட்மின் பதவியை என்னிடமிருந்து பிடுங்க அன்று ஒரு முயற்சி நடந்தது. அதை எப்படிச் செய்வது என்று என்னைத்தான் கேட்டார்கள்.

சென்னையில் இருக்கிற சொந்தக்காரர் ஒருவர் ‘நண்டு 2கே’ என்று கேட்டார். எங்கள் ஏரி நண்டுக்கு ஊரெல்லாம் பேர். இரண்டாயிரம் ரூபாய்க்கு என்று நான் எடுத்துக்கொண்டு கொடுத்தனுப்பினேன். அவர் கேட்டது இரண்டு கிலோ. கணக்கு இன்னும் தீரவில்லை. கல்யாண வீடுகளில் அவர் வலப்பக்கம் உட்கார்ந்தால் நான் இடப்பக்கம்.

வி.ஓ.சி.க்கு வருகிறேன். டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். இப்போது புதர்தான் மிச்சம். ஆனால் அவர்களுடைய கல்லறைத் தோட்டம் நன்றாகவே இருக்கிறது, வாசலில் கல் எலும்புக்கூடுகள் நின்று வரவேற்கும். அங்கே வந்த கல்லூரிப் பிள்ளைகள் போனில் ஒரு பழைய காசின் படத்தைக் காட்டி, “அண்ணா, இதுல வி.ஓ.சி.ன்னு இருக்கே?” என்று கேட்டார்கள்.

“நம்ம வ.உ.சி.தான்பா. கப்பலோட்டிய தமிழர். சொந்தக் கம்பெனி வச்சாருல்ல, அதுக்குக் காசும் அடிச்சிருக்காரு” என்றேன். தொண்டை கூட லேசாக அடைத்தது. ஒரு பெண் குறிப்பெடுத்துக்கொண்டாள்.

வ.உ.சி. சுதேசி நாவாய்ச் சங்கம் தொடங்கியது 1906-ல். காசில் இருந்த வி.ஓ.சி. 1602-ல் ஆரம்பித்த டச்சு ஐக்கிய கிழக்கிந்தியக் கம்பெனி, இதே ஊரில் காசடித்தவர்கள். இரண்டும் கப்பல் கம்பெனி, இரண்டுக்கும் அதே மூன்று எழுத்து. முந்நூறு வருஷம்தான் குறுக்கே நின்றது. டச்சுப் பெயரை முழுசாகச் சொல்லிப் பார்த்தேன்: ‘ஃபெரேனிக்டே ஓஸ்ட் இண்டிஷே கொம்பனி’. சுருக்கியது நல்லதுதான் என்று பட்டது. அந்தப் பெண் அந்தக் குறிப்பை எந்தப் பரீட்சையில் எழுதினாளோ.

இதற்கெல்லாம் நடுவில் ‘ஷார்ட் ஃபார்ம் தமிழை அழிக்கிறது’ என்று ஒரு மேடையில் பேசியும் வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து தாத்தாவின் பழைய கணக்கு நோட்டைப் பிரித்தால், வருஷத்துக்கு ‘௵’, ரூபாய்க்கு ‘௹’, மேற்படிக்கு ‘௸’. பக்கம் முழுக்க மேற்படி. எதற்கு மேற்படி என்று கண்டுபிடிக்க முதல் பக்கத்துக்குப் போக வேண்டும், அதைக் கரையான் படித்து முடித்திருந்தது.

குழுவில் ஷார்ட் ஃபார்ம் போடுவது யார் என்று பார்த்தால் என்னைப் போலப் படித்தவர்களும், ஆபீஸ்களும்தான். கடலுக்குப் போகிறவர்கள் வாய்ஸ் நோட் அனுப்புகிறார்கள். காற்று இரைச்சலோடு, இன்ஜின் சத்தத்தோடு, எல்லா வார்த்தையும் முழுசாக. அவர்களிடமும் ஷார்ட் ஃபார்ம் உண்டு. ‘பாடு’ என்று இரண்டே எழுத்து. ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், எந்த வீட்டுக்காரர் வலை கட்டலாம் என்கிற தலைமுறைக் கணக்கு முழுக்க அதற்குள் இருக்கிறது. எங்கள் குப்பத்துப் பையன் யாருக்கும் அதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு தடவை குழுவில் ‘இன்னிக்கு யாரு பாடு?’ என்று வந்தபோது, நான் கைதவறிச் சேர்த்துவிட்டிருந்த சென்னை நண்பர் ஒருவர் இளையராஜா பாட்டு ஒன்றைப் பாடி அனுப்பினார். சுமாராகத்தான் பாடினார்.

சுருக்கியவரே விரித்தும் சொன்ன கதை ஒன்று உண்டு. ஓ.எம்.ஜி. என்பதை முதன்முதலில் எழுதியதாகத் தெரியவருபவர் ஒரு பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி. 1917-ல் வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு எழுதிய கடிதத்தில். எழுதியவர் பெயர் ஜான் ஃபிஷர், பெயரிலேயே மீனவர். மூன்று எழுத்தைப் போட்ட கையோடு, பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் ‘ஓ மை காட்’ என்று அதன் விரிவையும் எழுதிவிட்டார். சர்ச்சிலுக்கே விளக்கம் தேவைப்படும் என்று அவர் நினைத்திருக்கிறார்.

எனவே கரைக்கு நோட்டீசும் மெசேஜும் அனுப்புகிற ஐயா, அம்மா எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். முதல் தடவை மட்டுமாவது முழுப் பெயரையும் தமிழில் எழுதிவிடுங்கள். அதற்கப்புறம் எப்படி வேண்டுமானாலும் சுருக்கிக்கொள்ளுங்கள். எழுத நேரமில்லை என்றால் வாய்ஸ் நோட் போடுங்கள். தயவுசெய்து அட்மினிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள் என்று மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள்.